நார்மல் சவுண்டுதாம்மா

புது ஃப்ரிட்ஜ் வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வரும். தெர்மோகோல், பாலிதீன் கவர், அட்டைப்பெட்டி எல்லாவற்றோடும் சேர்ந்து அதுவும் முதல் நாளே பரணுக்குப் போய்விடும். அந்தப் புத்தகத்தில் எங்காவது ஒரு மூலையில் "இயல்பான ஒலிகள்" என்று அரைப் பக்கம் இருக்கும். சலசல, டக், படார், உஸ்... இதெல்லாம் இயல்பு, பயப்பட வேண்டாம், சர்வீஸ் சென்டரைக் கூப்பிட வேண்டாம் என்று போட்டிருப்பார்கள். ஏன் இயல்பு என்று மட்டும் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். காரணம் தெரியாத சத்தத்தை "இயல்பு" என்று சொன்னால் யாருக்குத் தூக்கம் வரும்?

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் லால்குடி பக்கம் ஒரு வீட்டில் இந்த அரைப் பக்கத்தால் கிட்டத்தட்ட ஒரு உயிருக்கே ஆபத்து வந்தது.

அந்த வீட்டில் 1998ல் வாங்கிய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் ஒன்று இருந்தது. 165 லிட்டர், சிவப்புக் கலர், கைப்பிடியில் துரு. "டொக்" என்று ஒரு உதை உதைத்துக்கொண்டு கிளம்பும். இருபது நிமிடம் "கர்ர்ர்" என்று ஓடும். நிற்கும்போது, ஸ்டாப்பில் நின்று எஞ்சினை அணைக்கும் டவுன் பஸ் மாதிரி மொத்த உடம்பும் ஒருதரம் குலுங்கி அடங்கும். அந்த வீட்டு அப்பாயிக்கு அதன் ஒவ்வொரு சத்தமும் அத்துப்படி. கிளம்பும்போது வரும் முனகலை வைத்தே "வோல்ட்டேஜ் கம்மியா இருக்கு, மோட்டார் போடாதீங்க" என்று சொல்லிவிடுவார். (வோல்ட் மீட்டரை விட அப்பாயி துல்லியம் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு.)

2023ல் அது மொத்தமாகப் படுத்துவிட்டது. மகன் புதிது வாங்கி அனுப்பினார். டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ, இன்வெர்ட்டர் கம்ப்ரஸர். சமையலறைக்குள் நுழையாததால் கூடத்தில், அப்பாயியின் கட்டிலுக்கு நான்கடி தூரத்தில் வைத்தார்கள். பிரச்சினை அங்கே ஆரம்பித்தது.

பழையதை விட இது சத்தம் கம்மி. அதுதான் வினை. பெரிய உறுமல் போன இடத்தில் சின்னச் சின்னச் சத்தங்களாக நிறையக் கேட்க ஆரம்பித்தன, அதுவும் எல்லாரும் தூங்கிய பிறகு. தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒன்று. எலி பிராண்டுகிற மாதிரி ஒன்று. இருட்டில் யாரோ சொடக்குப் போடுகிற மாதிரி ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே "உஸ்ஸ்ஸ்" என்று நீளமாக ஒன்று. வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோப்பு. அந்தக் கூடத்துக்குள்ளேயே இரண்டு தரம் பாம்பு வந்திருக்கிறது. நடு ராத்திரியில் நான்கடி தூரத்தில் "உஸ்" என்று கேட்டால், அது இயல்பான ஒலி என்று யோசிக்கவா தோன்றும்?

மகன் போன் போட்டு கம்ப்ளெய்ண்ட் கொடுத்தார். மெக்கானிக் வந்தார், பகல் பன்னிரண்டு மணிக்கு. மேலே ஃபேன் ஓடுகிறது, பக்கத்தில் டிவி ஓடுகிறது, வாசலில் மீன்காரர். இரண்டு நிமிடம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நார்மல் சவுண்டுதாம்மா" என்று சொல்லி கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் இன்னொருவர் வந்தார், அவரும் அதே வசனம். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்குகிறார்களோ. அவர்கள் சொன்னதும் உண்மைதான். ஆனால் எது எதனுடைய சத்தம் என்று ஐந்து நிமிடம் நின்று சொல்லியிருந்தால், பின்னால் நடந்தது நடந்திருக்காது.

அப்பாயி தானே ஒரு வழி கண்டுபிடித்தார். ராத்திரி ஒன்பதரைக்கு ப்ளக்கைப் பிடுங்கிவிடுவது, விடிகாலை ஐந்து மணிக்குத் திரும்பச் சொருகுவது. நிம்மதியான தூக்கம். தோசை மாவு புளித்துப் பொங்குகிறது, பால் திரிகிறது என்றதும் அதற்கும் ஒரு வழி: உள்ளே இருக்கும் குளிர்ச்சித் திருகை அதிகபட்சத்துக்கு வைத்துவிட்டார். ராத்திரி விட்டதைப் பகலில் பிடிக்கிற கணக்கு.

அந்த ஃப்ரிட்ஜின் மேல் தட்டில், பின்பக்கச் சுவரை ஒட்டி அவருடைய இன்சுலின் இருந்தது. அதை யாரும் நினைக்கவில்லை.

கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் படிக்கும் பேத்தி லீவுக்கு வந்தாள். முதல் ராத்திரியே கவனித்துவிட்டாள்.

"அப்பாயி, ஏன் ப்ளக்கைப் புடுங்கி வெச்சிருக்க?"

"அது ராத்திரி பூரா உஸ்ஸு உஸ்ஸுங்குதுடி. பாம்பா, பொட்டியான்னு இருட்டுல எனக்கு எப்புடித் தெரியும்?"

நியாயமான கேள்வி. பேத்தி முந்தைய செமஸ்டரில்தான் தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் வேப்பர் கம்ப்ரெஷன் சைக்கிள் படம் வரைந்து, கம்ப்ரஸர், கண்டென்சர், விரிவு வால்வு, எவாப்பரேட்டர் என்று நான்கு பெட்டி போட்டு, அம்புக்குறி போட்டு முழு மார்க் வாங்கியிருந்தாள். அந்தப் படத்தில் சத்தம் என்று எதுவும் கிடையாது. அப்பாயியின் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை.

அன்றைக்கு ப்ளக்கைச் சொருகிவிட்டு, ஸ்டூல் போட்டு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் ஒரு நோட்டு. அப்பாயி கட்டிலில் டார்ச்சோடு. இனி அந்த நோட்டில் இருந்தது.

முதலில் அடிநாதம். மெலிதான "ம்ம்ம்". கரண்ட் விநாடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் மோட்டாரின் காந்த இழுப்பு இரண்டு தரம் உச்சத்துக்குப் போகும். ஆக விநாடிக்கு 100 அதிர்வு. தெருமுனை டிரான்ஸ்பார்மர் ரீங்காரம் போடுவதும் இதே கணக்கில்தான். பழைய சிவப்பு ஃப்ரிட்ஜ் பாடியது இந்த ஒரே சுருதியைத்தான், ஏனென்றால் அந்தக் கம்ப்ரஸருக்கு ஓடுவது, நிற்பது என்று இரண்டே நிலை. ஓடினால் நிமிடத்துக்கு 2900 சுற்றுக்குப் பக்கத்தில், எப்போதும் அதே வேகம். புது இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் அப்படியில்லை. நிமிடத்துக்கு 1200 சுற்றிலிருந்து 4500 சுற்று வரை ஏறி இறங்கும் ரகங்கள் உண்டு. உள்ளே சூடான குழம்புச் சட்டியை வைத்தால் வேகம் கூடும், சத்தத்தின் சுருதியும் கூடும். குளிர்ந்ததும் இறங்கி, நிற்காமலேயே மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். "இது நிக்கவே மாட்டேங்குது, கரண்டு பில்லு எகிறப் போவுது" என்று அப்பாயி பயந்ததற்கு இதுதான் காரணம். உண்மையில் நின்று நின்று முழு வேகத்தில் கிளம்புவதை விட, மெதுவாக ஓடிக்கொண்டே இருப்பது கரண்டை மிச்சப்படுத்தும்.

அடுத்து அந்த "உஸ்".

ஃப்ரிட்ஜின் முதுகுப் பக்கம் சூடான, அழுத்தம் அதிகமான திரவம். உள்ளே குளிர்ச்சியான, அழுத்தம் குறைந்த பகுதி. இரண்டையும் இணைப்பது ஒரு செப்புக் குழாய். அதன் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, நீளம் இரண்டு மூன்று மீட்டர். பாடப்புத்தகத்தில் "விரிவு வால்வு" என்று பெட்டி போட்டிருக்கிறதே, வீட்டு ஃப்ரிட்ஜில் அந்த வேலையைப் பார்ப்பது இந்த நூல் மாதிரிக் குழாய்தான். பெயர் கேப்பில்லரி. கூட்டம் நெரியும் வாசல் வழியாக வெளியே வந்து மைதானத்தில் சிதறுகிற மாதிரி, திரவம் அதன் மறுமுனையில் அழுத்தம் விழுந்து சட்டென்று கொதித்து ஆவியாகும். பாம்புச் சத்தம் அதுதான். கொதிப்பதற்குத் தேவையான வெப்பத்தை உள்ளே இருக்கும் பாலிடமிருந்தும் கத்தரிக்காயிடமிருந்தும் பிடுங்கிக்கொள்கிறது, அவை குளிர்கின்றன. ஆக "தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கு" என்று அப்பாயி சொன்னது உவமையே இல்லை. நிஜமாகவே அங்கே ஒன்று கொதிக்கிறது, பூஜ்ஜியத்துக்குப் பல டிகிரி கீழே! இப்போது வரும் வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் அது ஆர்-600ஏ என்கிற ஐசோபியூட்டேன், சமையல் கேஸுக்கு நெருங்கிய சொந்தம். ஒரு ஃப்ரிட்ஜில் இருப்பது பெரும்பாலும் 100 கிராமுக்கும் குறைவு.

கம்ப்ரஸர் நின்றால் சத்தமும் நின்றுவிட வேண்டாமா? நிற்காது. இரண்டு பக்க அழுத்தமும் சமமாகிற வரை திரவம் அந்த நூல் குழாய் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டு மூன்று நிமிடம் வரை. மோட்டார் ஓய்ந்த அமைதியில் அந்த உஸ்ஸும் சலசலப்பும் தனியாக, பெரிதாகக் கேட்கும். பாம்பு எப்போதும் கம்ப்ரஸர் நின்ற பிறகே வருகிறது என்பதை நோட்டில் நான்காவது தரம் குறித்தபோது பேத்தி எழுந்து நின்றுவிட்டாள்.

(கரண்ட் போய் வந்தால் உடனே ஃப்ரிட்ஜைப் போடாதே, ஐந்து நிமிடம் பொறு என்று வீட்டில் சொல்வார்களே, அதற்கும் இதுதான் காரணம். அழுத்தம் சமமாகும் முன் கிளம்பச் சொன்னால் மோட்டார் திணறும். ஸ்டெபிலைசரில் ஒரு சின்ன விளக்கு எரிந்து, தாமதமாக "டக்" என்று இணைப்புக் கொடுப்பதும் அதற்காகத்தான்.)

எலியும் சொடக்கும் வெவ்வேறு ஆட்கள். "படார்", "டிக்" என்று திடீர் திடீரென்று வருவது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சுவர். குளிரில் சுருங்கும், சூட்டில் விரியும், அதுவும் உலோகமும் பிளாஸ்டிக்கும் ஒரே அளவில் விரிவதில்லை. ஓட்டு வீட்டுத் தகரக் கொட்டகை சாயங்காலம் தானாகப் படபடப்பதைக் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. மெலிதான "ஸ்ர்ர்ர்" என்று ஓடுவது விசிறி, ஃப்ரீசருக்குப் பின்னால் ஒளிந்திருப்பது. ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் குளிர்க்காற்றை எல்லாத் தட்டுக்கும் தள்ளுவது அதுதான். பல மாடல்களில் கதவைத் திறந்தால் நின்றுவிடும். அதனால்தான் என்ன சத்தம் என்று பார்க்கக் கதவைத் திறக்கிறவர்களுக்கு அது அகப்படுவதே இல்லை. :-)

ராத்திரி இரண்டரைக்கு உச்சகட்டம். கம்ப்ரஸர் நின்றது, விசிறியும் நின்றது. ஒரு "டக்". கொஞ்ச நேரம் கழித்து, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி "ஸ்ஸ்". பிறகு "சொட்... சொட்". அப்பாயி டார்ச்சை அடித்துவிட்டார். அது டிஃப்ராஸ்ட். பழைய ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரில் ஐஸ் மலையாக வளரும், நடுவில் இருக்கும் பட்டனை அமுக்கி, அடியில் தட்டு வைத்து இறக்குவோமே, அந்த வேலையை இது தானாகச் செய்கிறது. குளிர்க் குழாயை ஒட்டி ஒரு ஹீட்டர் கம்பி. அது சூடாகி, படிந்த பனி உருகி, ஒரு துளி கம்பி மேல் விழுந்தால் "ஸ்ஸ்". மீதித் தண்ணீர் ஒரு குழாய் வழியாக இறங்கி, கம்ப்ரஸர் தலைமேல் இருக்கும் தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். யாரும் கொட்ட வேண்டியதில்லை. "குளிர் பொட்டிக்குள்ள அடுப்பு வெச்சிருக்கானா?" என்று அப்பாயி கேட்டாராம். ஆமாம், வைத்திருக்கிறான்.

சத்தமே போடாத ஃப்ரிட்ஜ் செய்ய முடியாதா என்றால், முடியும், செய்தும் இருக்கிறார்கள். 1922ல் ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் ஒன்று செய்தார்கள். மோட்டார் கிடையாது, அசையும் பாகமே கிடையாது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன், அடியில் ஒரு சின்னச் சுடர். எலக்ட்ரோலக்ஸ் அதை வாங்கி விற்றது. ஓட்டல் அறைகளில் இருக்கும் மினிபார்கள் பலவும் இந்த வம்சம்தான், அதனால்தான் அவை வாயே திறப்பதில்லை. ஆனால் இதே குளிர்ச்சிக்கு அதிக சக்தி தின்னும். இன்னொரு பக்கம் ஐன்ஸ்டீனும் லியோ ஸிலார்டும். பெர்லினில் ஃப்ரிட்ஜிலிருந்து கசிந்த விஷ வாயுவால் ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் படித்து, கசியவே வழியில்லாத ஒன்றைச் செய்ய 1920களில் இறங்கினார்கள். பிஸ்டனுக்குப் பதில், திரவ உலோகத்தைக் காந்தப் புலத்தால் தள்ளும் பம்ப். உராயும் பாகம் எதுவும் இல்லை, சத்தமே வரக்கூடாது. ஏ.இ.ஜி. நிறுவனத்தில் செய்து ஓட்டிப் பார்த்தால் காது கிழிகிற ஊளை! அந்த ஊளையை அடக்குவதே பெரும்பாடாகப் போனது. கடைக்கு அது வரவே இல்லை. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1985ல் ஃப்ரிட்ஜுக்கு அந்த ரீங்காரம் எப்படி வந்தது என்றே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். சத்தமில்லாத கேஸ் ஃப்ரிட்ஜ் தோற்றதற்குத் தொழில்நுட்பத்தைவிட, ஜெனரல் எலக்ட்ரிக் மாதிரிக் கம்பெனிகள் கம்ப்ரஸர் பக்கம் கொட்டிய பணம்தான் பெரிய காரணம் என்பது அவர் வாதம். அப்பாயியின் தூக்கத்துக்கும் அமெரிக்கக் கம்பெனிக் கணக்குக்கும் சம்பந்தம் இருக்கிறது, பாருங்கள்.

விடிந்ததும் பேத்தி தட்டுகளைக் காலி செய்து துடைக்கப்போனாள். அப்போதுதான் இன்சுலின் கண்ணில் பட்டது. குப்பி, குளிர்க்காற்று வரும் துளைக்கு நேர் எதிரே. உள்ளே துகள் துகளாகத் திரிந்து போயிருந்தது. திறக்காத இன்சுலினை 2லிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அது கெடுவதற்கு வெயில் மட்டும் வேண்டியதில்லை, உறைந்தாலும் போச்சு. உறைந்து உருகியதைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது. ராத்திரி ஏழரை மணி நேரம் சித்திரை வெக்கை, பகலில் அதிகபட்சக் குளிர். இரண்டு மாதம் இப்படியே.

அந்த இரண்டு மாதமாக அப்பாயிக்குச் சர்க்கரை 250க்குக் கீழே இறங்கவில்லை. டாக்டர் யூனிட்டைக் கூட்டிக் கூட்டி எழுதிக்கொண்டிருந்தார். மருந்து கெட்டதுதான் காரணமா, கல்யாண வீட்டு லட்டும் காரணமா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இதில் இன்னொரு கண்ணி இருந்தது. புதுக் குப்பி வாங்கி, கூட்டி எழுதிய அதே அளவில் போட்டிருந்தால், நல்ல மருந்து முழு வேலை செய்து, சர்க்கரை தடாலென்று கீழே போய் மயக்கத்தில் கொண்டு விட்டிருக்கும். நல்லவேளை, பேத்தி கடைக்குப் போகும் முன் டாக்டரிடம் போனாள். நடந்ததைக் கேட்டதும் அவர் அளவைக் குறைத்து, ஒரு வாரம் தினமும் பார்த்துப் பார்த்து ஏற்றினார். புதுக் குப்பி நடுத்தட்டில், டப்பாவுக்குள், சுவரிலிருந்து தள்ளி இடம் பிடித்தது. திருகு நடுவுக்கு வந்தது.

ஒன்று மட்டும் மெக்கானிக் சொன்ன "நார்மலில்" சேராத சத்தம். கம்ப்ரஸர் வேகம் கூடும்போதெல்லாம் "கிணுகிணு". அது ஃப்ரிட்ஜே இல்லை, அதன் தலைமேல் வைத்திருந்த பித்தளைச் சொம்பும் எவர்சில்வர் தட்டும். அவற்றை எடுத்தாயிற்று, சுவரை விட்டு நாலு விரல் தள்ளியாயிற்று, ஆடிய காலைத் திருகிச் சமன் செய்தாயிற்று. பாதிச் சத்தம் அதிலேயே போனது.

உண்மையிலேயே ஆள் கூப்பிட வேண்டிய சத்தங்களும் உண்டு. "டக்" என்று ஒரு சத்தம், சில விநாடி முனகல், மறுபடி "டக்", பிறகு அமைதி, சில நிமிடத்தில் திரும்பவும் அதே. கம்ப்ரஸர் கிளம்ப முயன்று தோற்கிறது என்று அர்த்தம். ரிலே போயிருக்கலாம், வோல்ட்டேஜ் குறைவாக இருக்கலாம், கம்ப்ரஸரே சிக்கியிருக்கலாம். அப்படியே விட்டால் உள்ளே எதுவும் குளிராது. விசிறி "கட கட கட" என்று எதன் மேலோ அடித்தால், பனி உருகாமல் கட்டியாகி இறக்கையைத் தொடுகிறது, டிஃப்ராஸ்ட் வேலை செய்யவில்லை. எந்தச் சத்தமும் இல்லாமல் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தால் அதுதான் எல்லாவற்றையும் விட மோசம், பெரும்பாலும் அதை யாரும் கவனிப்பதில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் மூன்று விஷயம் குறித்து வைத்தால் போதும்: மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா, எத்தனை நிமிடத்துக்கு ஒருதரம், கதவைத் திறந்தால் நிற்கிறதா. கூடவே ராத்திரியிலேயே செல்போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டால், பகல் பன்னிரண்டு மணிக்கு வருகிறவருக்கும் அது கேட்கும்.